அறிஞர் அண்ணாவும் ஒரு படி அரிசியும்

ஆள்வோரைக் குறை கூறுதல் எளிது. கூறிய குறையைத் தாமே நீக்க வேண்டிய இருக்கையில் ஒருநாள் அமர்ந்து, முன்னர் மொழிந்த சொல்லுக்கு நாட்டார் முன்னிலையில் விடையிறுத்தல் அரிது. முன்னதைச் செய்தார் பலர். பின்னதற்கு ஆளானோர் சிலரே. அச்சிலருள் ஒருவராகிய காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரையின் வரலாற்றை இத்திங்கள் நம் சங்க அன்பர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

அவருடைய மேடைப் பேச்சைப் பற்றியும், நாடகங்களைப் பற்றியும், மொழிக்காக அவர் ஆற்றிய பணியைப் பற்றியும் பலர் பலகால் எழுதியுள்ளனர். அவற்றை நாம் ஈண்டு விரிக்கப் போவதில்லை. விலைவாசி என்னும் ஒரு பொருளை மட்டும் கைவிளக்காகக் கொண்டு அவர் வாழ்வினூடே செல்லக் கருதுகின்றோம். காரணம் நம் ஊர்களிலேயே உள்ளது. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளிற் பெரும்பாலன வானம் பார்த்த நிலங்கள். கம்பும் சோளமும் வரகும் பருத்தியும் விளையும் புன்செய்க் காட்டில் உழவன் தை, மாசித் திங்களில் விற்பவனாக நிற்கின்றான். சித்திரை, வைகாசி பிறந்தவுடன் வாங்குபவனாக மாறுகின்றான். அறுவடைக் காலத்தில் விலை தாழ்ந்து, வாங்குங் காலத்தில் விலை ஏறுமாயின் அவன் இருமுறை இழக்கின்றான். செயங்கொண்டம் முதலிய ஊர்களில் தறியை நம்பி வாழ்வோர் நிலையும் இதுவே. வாங்கும் நூலின் விலை உயர்ந்து, நெய்த சீலையின் விலை தாழ்ந்தால் தறிக்குழியில் அமர்ந்தும் அடுப்பிற்கு வழியில்லை. ஆதலின் விலைவாசி என்பது நமக்கு ஏட்டுச் செய்தியன்று, வீட்டுச் செய்தி.

பிறப்பும் கல்வியும்

அண்ணாதுரை 1909-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் காஞ்சிபுரத்தில், நெசவுத் தொழிலோடு தொடர்புடைய எளிய குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் நடராசன், தாயார் பங்காரு அம்மாள். அவரை அன்புடன் பேணி வளர்த்தவர் சிற்றன்னையாராகிய இராசாமணி அம்மாள். பச்சையப்பன் பள்ளியிற் பயின்ற காலத்துக் குடும்பத்தின் வருவாய் போதாமையால், படிப்பை நிறுத்திக் காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்திற் சிறிது காலம் எழுத்தராகப் பணி செய்தார். மாதச் சம்பளம் எத்தனை நாளைக்குக் காணும் என்று எண்ணிப் பார்க்கும் வீட்டின் கணக்கு அவ்விளம் பருவத்திலேயே அவருக்குப் பாடமாயிற்று.

பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து பொருளாதாரமும் அரசியலும் கற்று முதுகலைப் பட்டம் பெற்றார். அந்நாளில் பொதுவாழ்விற் புகுந்தோருட் பலர் சட்டம் பயின்ற வழக்கறிஞர். அண்ணாதுரையோ பண்டத்தின் விலை எதனால் ஏறுகின்றது, வரிச்சுமை யார் தோளில் இறங்குகின்றது, நாணயத்தின் மதிப்பு எதனாற் குறைகின்றது என்பவற்றை முறையாகக் கற்றவர். இவ்வேறுபாட்டை அன்பர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். அவர் பேச்சின் அணிநலத்தை வியந்தவர் பலர். அவ்வணிக்குக் கீழே பொருள்நூற் பயிற்சி இருந்ததைக் கண்டவர் சிலர்.

1934-இல் திருப்பூரில் நிகழ்ந்த இளைஞர் மாநாட்டில் ஈ. வெ. இராமசாமிப் பெரியாரைக் கண்டார். அவர் வழியிற் சென்றார். 1942-இல் திராவிட நாடு என்னும் கிழமை இதழைத் தொடங்கினார். 1949 செப்டம்பர் 17-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தை நிறுவினார். பணத்தோட்டம் என்னும் அவர் நூல் முழுவதும் பொருளாதாரம் பற்றியது. தமிழகத்தின் வாணிகமும் முதலும் பிற பகுதியார் கையில் இருந்த நிலையை ஆராய்வது. அதன் முடிபுகளை ஏற்போரும் மறுப்போரும் உளர். எனினும் அரசியல் மேடையிற் பொருட்கணக்கை முன்வைத்துப் பேசும் வழக்கத்தைத் தமிழிற் பரப்பியவருள் அவர் தலையாயவர் என்பதில் ஐயமில்லை.

தோளிற் சுமந்த துணி

1952, 1953-ஆம் ஆண்டுகளிற் கைத்தறி நெசவாளர்க்கு நேர்ந்த துன்பம் முதியோர் பலர்க்கு அவர்தம் பெற்றோர் வாயிலாகத் தெரிந்திருக்கும். நெய்த துணி விலை போகாமல் வீடுகளிற் குவிந்தது. ஆலைத்துணி சந்தையை நிறைத்தது. தறிகள் ஓய்ந்தன, கஞ்சித் தொட்டிகள் தோன்றின. அப்பொழுது சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய இராசகோபாலாச்சாரியார், வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டுமென நடுவணரசை வற்புறுத்தினார். 1953-இல் ஆலைத்துணியின்மீது சிறுவரி விதித்து, அவ்வருவாயைக் கைத்தறி, கதர்த் தொழில்களின் வளர்ச்சிக்குச் செலவிட நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று.

அதே 1953-இல் அண்ணாதுரையும் அவர் தோழரும் கைத்தறித் துணிகளைத் தோளிற் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். அண்ணாதுரை விற்ற ஊர் திருச்சிராப்பள்ளி. பெரம்பலூரும் அரியலூரும் அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்த வட்டப் பகுதிகளே என்பதை இளைஞர் அறிதல் நலம். தெருவில் விற்ற துணியால் நெசவாளர் துயர் நீங்கிவிடவில்லை. நீங்குமென அவர் எண்ணியதுமில்லை. ஆயினும் தேங்கிய சரக்கை நாட்டார் கண்முன் கொணர்ந்து நிறுத்திய செயல் அது. ஆட்சியிலிருந்த முதியவர் சட்டத்தின் வழியையும், ஆட்சிக்கு வெளியே நின்ற இளையவர் தெருவின் வழியையும் கையாண்டனர். இருவழியும் தறிக்காரர்க்குத் தேவையாயிருந்தன.

சட்டமன்றத்தில்

1957-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சியினர் பதினைவர் சென்னைச் சட்டமன்றத்திற் புகுந்தனர். காஞ்சிபுரத்தினின்று தெரிந்தெடுக்கப்பெற்ற அண்ணாதுரை அவர்க்குத் தலைவரானார். எதிரே அமர்ந்திருந்தோர் எளியவரல்லர். காமராசர் முதலமைச்சர், சி. சுப்பிரமணியம் நிதியமைச்சர். பள்ளிகள் பெருகிய காலம் அது. பகலுணவுத் திட்டம் பரவிய காலம். அணைகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்த காலம். இத்துணை நன்மை செய்யும் அரசைக் குறை கூறுபவன் அளந்து பேசாவிடின் அவன் சொல் எடுபடாது.

அவர் கூறிய குறையின் சாரம் இரண்டு. நடுவணரசின் ஐந்தாண்டுத் திட்டங்களிற் பெருந்தொழில்களைப் பங்கிடும்போது தென்னாட்டிற்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்பது ஒன்று. திட்டங்களின் பொருட்டு வரியும் கடனும் வளர, விலைகளும் உடன் வளர்ந்து எளியவர் வருவாயை விழுங்குகின்றன என்பது மற்றொன்று.

இரண்டாவதன் உட்பொருளை நம் குடும்பத்துப் பெண்டிர்க்கும் மாணாக்கர்க்கும் விளங்கச் சொல்வோம். அரசு அணை கட்டுகின்றது, ஆலை நிறுவுகின்றது. அதற்கான கூலி இன்றே மக்கள் கைக்கு வந்துவிடும். அணையின் நீரால் விளையும் நெல்லோ சில ஆண்டு கழித்தே வரும். கையிற் பணம் மிகுந்து களத்தில் நெல் மிகாதபோது நெல்லின் விலை ஏறும். வருவாய்க்கு மேற்பட்ட செலவை அரசு புதிய நோட்டுகளால் ஈடு செய்யுமாயின் ஏற்றம் மேலும் விரையும். உப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி போன்றவற்றின்மீது விதிக்கும் வரி, செல்வர்க்கும் ஏழைக்கும் அளவில் ஒன்றே, சுமையில் ஒன்றன்று. நாடு முன்னேற வேண்டுமாயின் இச்சுமையைச் சிறிது காலம் பொறுக்கத்தான் வேண்டும் என்பது ஆள்வோர் வாதம். பொறுப்பவன் யார், பயன் பெறுபவன் யார் என்பது எதிர்ப்போர் வினா. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இவ்வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

பெரம்பலூர்த் தொகுதியும் டெல்லியும்

1962-ஆம் ஆண்டுத் தேர்தல் அண்ணாதுரைக்கு விந்தையான முடிவைத் தந்தது. அவர் கட்சியின் எண்ணிக்கை சட்டமன்றத்தில் 50 ஆக உயர்ந்தது. அவரோ காஞ்சிபுரத்தில் தோற்றார். படை வென்று படைத்தலைவன் வீழ்ந்தது போன்ற நிலை அது. அதே ஆண்டில் அவர் மாநிலங்களவை உறுப்பினராகி டெல்லி சென்றார். மக்களவைக்கு அவர் கட்சியினர் எழுவர் சென்றனர். அவ்வெழுவருள் நம் பெரம்பலூர்த் தொகுதி அனுப்பிய இரா. செழியனும் ஒருவர். கணக்குகளைத் துருவி ஆராய்ந்து வினவும் ஆற்றலால் நாடாளுமன்றத்திற் பெயர் பெற்ற அவர், 2017-இல் மறைந்தார். புன்செய் உழவரும் நெசவாளரும் மிகுந்த நம் மண், நாட்டின் வரவு செலவுக் கணக்கைப் படித்து வினாத் தொடுக்க வல்லார் ஒருவரை அந்நாளிலேயே அனுப்பி வைத்தது என்பது நாம் மறவாதிருக்கத் தக்கது.

அவ்வாண்டு சூலைத் திங்களில் விலைவாசி உயர்வைக் கண்டித்துத் தமிழகமெங்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களின் முன்பு மறியல் நிகழ்ந்தது. மன்றத்திற் பேசிய பேச்சு மன்றச் சுவரோடு நின்றுவிடலாகாது என்பது அதன் கருத்து. வேலூரில் மறியலுக்குத் தலைமை தாங்கிய அண்ணாதுரை சிறை புகுந்தார். அரிசி விலையைப் பற்றிப் பேசிய நாடாளுமன்ற உறுப்பினர் சிறைச்சோறு உண்ண நேர்ந்தது.

அக்டோபர்த் திங்களிற் சீனப்படை எல்லையைக் கடந்தது. உடனே அவரும் அவர் கட்சியும் போராட்டத்தை ஒதுக்கி வைத்து நாட்டின் பாதுகாப்பிற்குத் துணை நின்றனர். 1963-இல் தனிநாட்டுக் கோரிக்கையையும் கைவிட்டனர். விலை ஏற்றமோ கைவிடவில்லை. போர்ச் செலவு கூடிற்று. 1963-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் கட்டாயச் சேமிப்பு வந்தது. தங்கக் கட்டுப்பாட்டால் பொற்கொல்லர் தொழில் இழந்தனர்.

பஞ்சம் நெருங்கிய ஆண்டுகள்

1965-இல் பருவமழை பொய்த்தது. 1964-65-இல் ஏறத்தாழ 8 கோடியே 90 இலட்சம் டன்னாக இருந்த நாட்டின் தானிய விளைவு, அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 7 கோடியே 20 இலட்சம் டன்னாகச் சரிந்தது. 1966-இல் மட்டும் ஒரு கோடி டன் அளவிற்கு வெளிநாட்டுத் தானியம் கப்பலேறி வந்தது. அதிற் பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அரிசியுண்ட தமிழர் பலர் கோதுமைக்குப் பழக வேண்டியதாயிற்று. அவ்வாண்டு சூன் 6-ஆம் நாள் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. 4 ரூபாய் 76 காசுக்குக் கிடைத்த அமெரிக்க டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. வெளிநாட்டினின்று வரும் பண்டமெல்லாம் ஒரே நாளில் விலை ஏறின.

நடுவணரசு வாளாவிருக்கவில்லை. உணவமைச்சராக விளங்கிய சி. சுப்பிரமணியம் உயர்விளைச்சல் விதைகளுக்கு வழி வகுத்தார். இந்திய உணவுக் கழகம் 1965-இல் பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் அவ்வாண்டுப் பொங்கல் நாளில் நம் அண்டை மாவட்டமாகிய தஞ்சையில் திறக்கப்பட்டது. எனினும் இவற்றின் பயன் சில ஆண்டு கழித்தே விளைந்தது. பசியோ காத்திராது.

வாக்குறுதியும் கடனும்

1967 தேர்தலில் அண்ணாதுரை விலைவாசியை முன்னிறுத்தினார். ஒரு ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருதல் தம் குறிக்கோள் என்றும், ஒரு படியேனும் தருதல் உறுதி என்றும் அவர் கட்சியினர் ஊர்தோறும் உரைத்தனர். மெட்ரிக் எடைகள் 1962-இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்திருந்தும் கிலோவைக் கூறாது படியைக் கூறியது கருதத்தக்கது. இல்லத்தரசி உலையில் இடுவது படிக்கணக்கில்; ஆதலின் அவளுக்கு விளங்கும் அளவையிலேயே அவர் பேசினார். 1965-இல் மூண்ட மொழிக் கிளர்ச்சியின் வெம்மையும், அரிசித் தட்டுப்பாட்டின் வெம்மையும் ஒன்று சேர்ந்தன. 234 இடங்களில் 137-ஐ அவர் கட்சி வென்றது. 1967 மார்ச் 6-ஆம் நாள் அவர் முதலமைச்சரானார். நிதிப் பொறுப்பையும் தாமே ஏற்றார்.

பத்தாண்டு குறை கூறியவர் இப்பொழுது பெட்டகத்தின் திறவுகோலை ஏந்தி நின்றார். திறந்து பார்த்தால் மூன்று தடைகள் தெரிந்தன. முதலாவது, தானியமே குறைவு. ஒரு மாநிலத்து நெல் மற்றொரு மாநிலத்திற்குச் செல்லக் கட்டுப்பாடு இருந்தது. இரண்டாவது, சந்தை விலைக்கும் ஒரு ரூபாய்க்கும் இடைப்பட்ட தொகையை மாநிலக் கருவூலமே ஏற்க வேண்டும், கொடுக்குந்தோறும் இழப்பு. மூன்றாவது, விலையை ஏற்றி இறக்க வல்ல நாணயமும், இறக்குமதியும், பெருவரிகளும் நடுவணரசின் கையில் இருந்தன. மாநில முதலமைச்சர் கைக்கு எட்டியது கொஞ்சமே.

நான்காவதாக ஒரு வழி திறந்தே கிடந்தது. மதுவிலக்கை நீக்கினால் கருவூலம் நிரம்பும். அவ்வழியை அவர் மறுத்தார். அரிசியைக் குறைந்த விலைக்கு ஒரு கையால் தந்து, கூலியைக் கள்ளுக்கடை வாயிலில் மறு கையாற் பறிப்பதில் பொருளில்லை என்பது வீட்டுக் கணக்கு அறிந்த எவர்க்கும் விளங்கும். அவர் ஆண்ட நாள்வரை தமிழகத்தில் மதுவிலக்கு நீடித்தது. 1971-இலேயே அது தளர்த்தப்பட்டது.

ஒரு ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் நடைமுறைக்கு வந்தது. அவ்விரு நகரங்களுக்கு அப்பால் அதனை விரிக்கப் பணம் இடந்தரவில்லை. பெரம்பலூர்க் கூலியாளுக்கும் அரியலூர்த் தறிக்காரர்க்கும் அப்படி அரிசி வந்து சேரவில்லை. பின்னர் நகரங்களிலும் அது நின்றது. மூன்று படி எங்கே என்று எதிர்க்கட்சியினர் கேட்டனர், கேட்டது முறையே. முன்னர் அவர் ஆள்வோரைக் கேட்ட அதே முறையில் இப்பொழுது அவர் கேட்கப்பட்டார்.

இவ்விடத்தில் நாம் அவரை மழுப்பிப் புகழ விரும்பவில்லை. வாக்குறுதி முழுவதும் நிறைவேறவில்லை என்பது வரலாறு. தேர்தல் மேடையிற் சொல்லும் எண்ணைக் கருவூலத்தோடு ஒத்துப் பார்த்தே சொல்ல வேண்டும் என்பதற்கு அது சான்று. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். குறிக்கோள் இது, உறுதி இது என இரண்டையும் பிரித்துக் கூறியது மக்களை ஏய்க்கும் எண்ணமுடையார் செயலன்று. உறுதி கூறியதைத் தொடங்கிக் காட்டினார். நிதித் துறையைப் பிறர் தலையிற் சுமத்தாது தாமே சுமந்தார். எளிதிற் கிடைக்கும் தீய வருவாயைத் தீண்டாதிருந்தார்.

மறைவும் அதன் பின்னரும்

காலம் அவருக்கு இரண்டாண்டே தந்தது. அந்த இரண்டாண்டில் மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்னும் பெயர் வந்தது. சீர்திருத்தத் திருமணம் சட்ட ஏற்புப் பெற்றது. தமிழும் ஆங்கிலமுமாகிய இருமொழிக் கொள்கை நிலைபெற்றது. 1968-இல் நோயுற்று அமெரிக்காவில் அறுவை மருத்துவம் பெற்றுத் திரும்பிய அவர், 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் தமது 59-ஆம் அகவையில் மறைந்தார். சென்னைக் கடற்கரை நோக்கிச் சென்ற அவர் இறுதி ஊர்வலத்திற் கூடிய மக்கள்தொகை உலக வியப்புகளுள் ஒன்றாகப் பதிவு பெற்றது.

அவர் வைத்துப்போன கடன் அவரோடு மாயவில்லை. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. 1997-இல் நடுவணரசு நியாயவிலைப் பண்டங்களை வறியவர்க்கென வரையறுத்தபோதும், தமிழ்நாடு அனைவர்க்கும் பொதுவான முறையையே தொடர்ந்தது. 2006-இல் கிலோ அரிசி 2 ரூபாயாயிற்று. அவர் பிறந்தநாளாகிய செப்டம்பர் 15-இல், 2008-ஆம் ஆண்டு, ஒரு ரூபாயாயிற்று. 2011-இல் விலையின்றி வழங்கும் நிலை வந்தது. கட்சிகள் மாறி மாறி ஆண்டும் இவ்வழியை ஒருவரும் அடைக்கவில்லை. 1967-இல் இரு நகரங்களைத் தாண்ட மாட்டாதிருந்த அரிசி, நாற்பதாண்டுக்குப் பின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கடைசிச் சிற்றூர்வரை வந்து சேர்ந்தது.

இனி நாம் கொள்ளத்தக்கது யாது? அவர் நெசவாளர் குடியிற் பிறந்தார் என்று பெருமை பாராட்டி அமைதல் போதாது. அவர்தாமும் குலப்பெயரைப் பெயரோடு சேர்த்துக் கொண்டவரல்லர். அவர் காட்டிய வழி வேறு. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் ஆண்டுதோறும் படிக்கப்படும் வரவு செலவுக் கணக்கை நம் வீட்டு அடுப்போடு ஒத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும். வாக்குக் கேட்டு வருவோரை, எதனைத் தருவீர் என்று மட்டும் வினவாது, எப்பணத்தால் தருவீர் என்றும் வினவுதல் வேண்டும். நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் பொருள்நூலைப் பழுதறக் கற்று, புன்செய்க் காட்டின் கணக்கையும் தறிக்குழியின் கணக்கையும் மன்றத்தில் எடுத்துரைக்கும் தகுதி பெறுதல் வேண்டும். ஏழைச் சிறுவனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட நம் சங்கத்தார் ஈயும் ஒவ்வொரு ரூபாயும் அதற்கிடும் வித்தாகும்.

குறை கூறும் நாவும், கூறிய குறைக்குத் தானே பொறுப்பேற்கும் தோளும் ஒருவரிடத்தே அமைதல் அருமை. அவ்வருமையைத் தமிழகம் ஒருகாற் கண்டது. மீண்டும் காண்பதாக.